தற்காதல் வழக்கு

ஜெயில், திருச்சி
6 மே 2025

பேராசிரியர் அழகியமணவாளன் அவர்களுக்கு,

விசாரணைக் கைதி டோமினிக் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கடந்த ஏப்ரல் 27ஆம் தேதி மாலை, எங்கள் நாடக மன்றத்தின் வெள்ளிவிழாவில், 'ஒப்பிலா மன்னன்' நாடகத்தில் திலகவர்மனாக நடித்துக்கொண்டிருந்த நான், உணர்ச்சிவசப்பட்ட நிலையில் மேடையை விட்டு இறங்கி, முதல் வரிசையில் அமர்ந்திருந்த தங்களைக் கையிலிருந்த செங்கோலால் தாக்கியதற்கு மனமார வருந்துகிறேன். தாங்கள் பெரிய மனது வைத்து, வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொள்ள நீதிமன்றத்தில் சம்மதம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

மேலே இருப்பது வக்கீல் சொல்லச் சொல்ல எழுதியது. இனிமேல் நான்.

சார், தாடை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டதாகவும், வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பதாகவும் லின்சி சொன்னாள். லின்சி என் மனைவி. போனில் மன்னிப்புக் கேட்கலாம் என்றால் உங்களால் பதில் பேச முடியாது. நீங்கள் 'ம்' போட்டால் அதைச் சம்மதம் என்று எடுப்பதா, வலி என்று எடுப்பதா? அதனால்தான் கடிதம்.

செங்கோலைப் பற்றிப் போலீஸில் தப்பாக எழுதியிருக்கிறார்கள். உங்களுக்காக நான் அதைச் செய்யவில்லை. முன்பு தெர்மாகோலில்தான் வைத்திருந்தோம். ஒவ்வொரு தடவையும் நான் விழுவதற்கு முன்னால் அது இரண்டாக உடைந்துவிடும். ராஜா சாவதற்குள் செங்கோல் செத்தால் சபை சிரிக்காதா? துவாக்குடியில் எங்கள் பட்டறையில் மிச்சம் கிடந்த இரும்புக் குழாயை நானே லேத்தில் கடைந்து தங்க பெயின்ட் அடித்தேன். உங்கள் தாடையில் பட்டதும் அது வளைந்துவிட்டது. ராஜாவின் செங்கோல் வளையக் கூடாது என்பார்கள்.

உங்கள் காயம் பெரியது என்பதால் வழக்கு முடிகிறவரை எனக்கு ஜாமீன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தண்டனை என்று ஒன்று ஆகிவிட்டால் பட்டறையில் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். எல்லாம் உங்கள் ஒரு வார்த்தையில் இருக்கிறது.

இன்னொரு விஷயம். கேட்கலாமா என்று தெரியவில்லை. நான் எழுந்து வருவதற்கு முன்னால் வரை, என் சாவு எப்படி இருந்தது?

இப்படிக்கு,
டோமினிக்


தில்லைநகர், மருத்துவமனையிலிருந்து
10 மே 2025

ஸ்ரீ:

திரு. டோமினிக் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வந்தபோது அடியேன் உறிஞ்சுகுழலில் ரசம் அருந்திக்கொண்டிருந்தேன். ரசத்தைப் பாதியில் நிறுத்தி, கடிதத்தை முழுவதும் வாசித்தேன். முக்கியமான விஷயம் அதில் இல்லை. தங்கள் கூச்சம் புரிகிறது.

அடியேன் நெடுங்காலம் ஆங்கில இலக்கியம் கற்பித்து, ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் வசிப்பவன். அதைவிட நெடுங்காலமாக விமர்சனம் எழுதி வருகிறேன். இத்தனை காலத்தில் அடியேன் எழுதிய எதற்கும் ஒரு தபால் அட்டைகூட வந்ததில்லை. தங்களுடையதுதான் முதல் எதிர்வினை. தாடையில் வந்தது என்பது உண்மையே. எனினும் வந்தது.

விழா மலரில் அடியேனின் கட்டுரை, 'திலகவர்மனின் தற்காதல்: ஓர் உளப்பகுப்பாய்வு', அன்று மாலைதான் அச்சகத்திலிருந்து வந்தது. ஒப்பனை அறையில் ஒரு கட்டு இறக்கப்பட்டதைக் கண்ணால் கண்டேன். தாங்கள் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டே அதை வாசித்திருக்கிறீர்கள். ஓவியன் தன் கன்னத்து மருவையும் சேர்த்து வரைந்துவிட்டான் என்பதற்காகத் திலகவர்மன் அவன் கண்களில் காய்ச்சிய மெழுகை ஊற்றுகிறான். தன்னைப் போலவே இருந்த இரட்டைத் தம்பியைக் கழுத்தறுக்கிறான். தம்பியைப் பார்த்தவர்களின் கண்களைத் தோண்டுகிறான். இவையெல்லாம் அதிகாரப் பசியால் அல்ல என்று அடியேன் நிறுவியிருந்தேன். அவன் முதல் எதிரி, தாயின் மற்றொரு மார்பில் பால் குடித்த தம்பி. பிறகு அவன் செய்த கொலை ஒவ்வொன்றும் அந்தத் தம்பியையே மீண்டும் கொல்வது. கடைசியில் எதிரிப் படையின் ஈட்டியைத் தானே பிடித்து வயிற்றில் இழுத்துக்கொள்கிறான் அல்லவா? அது தற்கொலை அல்ல. தம்பியின் முகத்தைத் தாங்கிய கடைசி நகலை அழிப்பது.

இதை வாசித்த தாங்கள், நாடகம் முழுதும் அந்த உண்மையைச் சுமந்து நடித்து, தாங்க முடியாத கணத்தில் இறங்கி வந்து, அதை எழுதியவன் வாயை உடைத்தீர்கள். திலகவர்மன் கண்ணாடிகளை உடைத்தான். தாங்கள் அடியேனை உடைத்தீர்கள். கட்டுரைக்கு இதைவிடப் பெரிய நிரூபணம் கிடைக்குமா? அடியேன் தங்கள் மீது கோபமாக இல்லை. ஏறக்குறைய நன்றியோடு இருக்கிறேன்.

தங்கள் மரணத்தைப் பற்றி: காயம்பட்டவன் கருத்துச் சொன்னால் அதில் சார்பு கலந்துவிடும். இப்போது வேண்டாம்.

அடியேன்,
அழகியமணவாளன்


ஜெயில், திருச்சி
15 மே 2025

சார்,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என்ன கட்டுரை?

மலர் கட்டு வந்தது உண்மைதான். எங்கள் செயலாளர் அற்புதசாமி அதைப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். வழவழப்பான தாள், எண்ணெயை உறிஞ்சவே இல்லை. பஜ்ஜியை அதில் வைத்துச் சாப்பிட்டதில் எல்லோருக்கும் கையெல்லாம் எண்ணெய். தம்பி வேடக்காரர் அதைக் கிழித்து மீசைப் பசையைத் துடைத்தார். நான் என் போட்டோ வந்திருக்கிறதா என்று புரட்டினேன், வந்திருந்தது, மூடிவிட்டேன். கட்டுரை என்று எதையும் பார்க்கவில்லை. உங்களை அடித்தது அதற்காக இல்லை.

உங்களை அடித்தது 'ழ'வுக்காக.

எனக்கு எழுதும்போது ழ வரும், வாயில் வராது. எங்கள் வீட்டில் பழம் எல்லாம் பளம்தான். அது எனக்கே தெரியும். நாடகத்தில் 'அழகு' என்ற வார்த்தை இல்லாத காட்சியே கிடையாது. முதல் காட்சியில் நான் 'என் அளகு' என்றேன். முதல் வரிசையிலிருந்து 'ழ' என்று ஒரு சத்தம். சரி, யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள் என்று நினைத்தேன். ஓவியன் காட்சியில் மறுபடியும் 'ழ'. தம்பியின் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறேன், 'ழ'. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன், நீங்கள்தான். நாக்கை மடித்துக் காட்டிக்கூடச் சொன்னீர்கள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். சாவு வந்தது. ஈட்டி வயிற்றில் இருக்கிறது, முழங்கால் மடிகிறது, ரத்தப் பையை உடைத்தாகிவிட்டது. அந்த இடத்தில் சபையில் ஒரு இருமல்கூட இருக்காது சார், வருடா வருடம் பார்த்தவர்களைக் கேளுங்கள். 'என் அளகுக்கு இணை யார்' என்றேன். 'அ-ழ-கு' என்று நீங்கள் மூன்றாகப் பிரித்துச் சொன்னீர்கள். பின்னாலிருந்து ஒருத்தன், "டேய், வாத்தியாரு மார்க் போடுறாருடோய்!" என்று கத்தினான். சபை மொத்தமும் சிரித்தது. நான் ஈட்டியோடு கிடக்கிறேன், சிரிக்கிறார்கள்.

அப்போதும் நான் எழவில்லை. செத்தேன். கண்ணை மூடிவிட்டேன். மூடின பிறகு இன்னொரு தடவை, மெதுவாக, 'ழ' என்றீர்கள். செத்தவனைத் திருத்துகிறார்களே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஞாபகம் இருப்பது உங்கள் பல் என் செருப்பில் ஒட்டியிருந்ததுதான்.

நடந்தது இதுதான். சம்மதம் சொல்லிவிடுங்கள் சார்.

டோமினிக்


தில்லைநகர்
19 மே 2025

ஸ்ரீ:

அன்புள்ள டோமினிக்,

எதிர்பார்த்த பதில்தான். அடிமனம் தான் செய்ததற்கு ஒரு சின்னக் காரணத்தைக் கண்டுபிடித்து அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஓர் எழுத்துக்காக ஒருவர் மற்றொருவரின் தாடையை உடைப்பாரா? தமிழ்நாட்டில் அப்படி ஆரம்பித்தால் யார் வாயில் பல் மிஞ்சும்?

அடியேன் 'ழ' என்று சொன்னதாக நினைவில்லை. கொட்டாவி விட்டிருக்கலாம். கொட்டாவியின் முடிவில் நாக்கு இயல்பாகவே மடியும்.

நேற்று தங்கள் மனைவி வந்திருந்தார். நல்ல பெண்மணி. அடியேன் சிலேட்டில் எழுதினேன், அவர் வாயால் பதில் சொன்னார்.

"சார், அவரு கோவக்காரருதான், கெட்டவரு இல்லீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வெளிய வந்துடுவாருங்க."

'மலர் பார்த்தீர்களா?' என்று எழுதினேன்.

"எந்தப் பூ சார்?"

'விழா மலர். கட்டுரை.'

"ஐயோ, இல்ல சார். நான் பழம்தான் வாங்கிட்டு வந்தேன்."

பழம் என்பதை அவர் மிகச் சரியாக உச்சரித்தார் என்பதைப் பதிவு செய்கிறேன். கட்டுரையின் பிரதி ஒன்றைக் கொடுத்து, உரக்க வாசிக்கச் சொன்னேன். முதல் பக்கம் முடிவதற்குள் பக்கத்துப் படுக்கை நோயாளி உறங்கிவிட்டார். இரண்டு நாளாகத் தூக்கமில்லாதவர். லின்சி நிறுத்திவிட்டு, "இதுக்கா சார் அவரு அடிச்சாரு?" என்று கேட்டார். ஒரு வாசகி சரியான கேள்விக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டார், பாருங்கள்.

ஆகவே அடியேனின் முடிவு இது. சமாதானத்துக்கு முழு மனதோடு சம்மதிக்கிறேன். நஷ்டஈடு ஒன்றும் வேண்டாம். ஒரே ஒரு வாக்குமூலம் வேண்டும், தங்கள் கையெழுத்தோடு, நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்கு: 'நாடகம் தொடங்கும் முன் பேராசிரியரின் கட்டுரையை வாசித்தேன். அது என் உள்மனத்தைத் திறந்து காட்டியதைத் தாங்க இயலாமல் அவரைத் தாக்கினேன்.' இரண்டே வாக்கியம். எழுத்துப்பிழை வராமல் பார்த்துக்கொள்ளவும்.

அடியேன்,
அழகியமணவாளன்


ஜெயில், திருச்சி
25 மே 2025

சார்,

வக்கீல் வந்திருந்தார். உங்கள் இரண்டு வாக்கியத்தைக் காட்டினேன். "எந்தக் கிறுக்கன் எழுதினது?" என்று கேட்டார். நீங்கள்தான் என்று சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னது: 'ழ' கதையில் சபை சிரித்தது, திடீர்க் கோபம், கோர்ட்டுக்கே பாவமாக இருக்கும். உங்கள் கதையில் நான் முன்னாடியே படித்து, மனதில் வைத்திருந்து, நாடகம் முழுக்கக் காத்திருந்து அடித்தது போல ஆகிவிடும். "அதுல கையெழுத்துப் போட்டா நீயே உனக்குக் கயிறு திரிக்கிற" என்றார்.

அது போகட்டும். பொய் என்று ஒன்று இருக்கிறது. படிக்காத கட்டுரையைப் படித்தேன் என்று எப்படி எழுதுவது?

ஆனாலும் ஒன்று செய்யலாம் என்று தோன்றுகிறது. நீங்கள் என்னிடம் ஒரு பொய் கேட்கிறீர்கள். நான் உங்களிடம் ஒரு உண்மை கேட்கிறேன். என் சாவு நன்றாக இருந்தது என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். அதை வைத்துக்கொண்டு உங்கள் இரண்டு வரியில் கையெழுத்துப் போடுகிறேன்.

இங்கே போன ஞாயிற்றுக்கிழமை அதை நடித்துக் காட்டினேன். ராமர் என்று ஒருவர் கேட்டதால். திருவெள்ளறைப் பக்கத்துக்காரர், வாழைக்குத் தண்ணீர் விடுவதில் தகராறு, பங்காளியின் மணிக்கட்டை அரிவாளால் எடுத்துவிட்டு வந்திருக்கிறார். அவ்வளவு சாந்தமான மனிதர். கம்பளியை அங்கவஸ்திரமாகப் போட்டுக்கொண்டேன். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஈட்டி பாய்ந்தது, முழங்கால் மடிந்தது, வசனத்தை ஆரம்பித்தேன்.

ஒருத்தன், "சீக்கிரம் செத்துத் தொலைடா, சோறு ஆறுது" என்றான்.

அவன் எந்த எழுத்தையும் திருத்தவில்லை. இருந்தாலும் எழுந்துவிட்டேன். கையில் தகரக் குவளை இருந்தது, அதால் அவன் மூக்கில் கொடுத்தேன். மூக்கு உள்ளே போன சத்தம் கேட்டது. அவன் தட்டை நிமிர்த்தி என் வாயில் கொடுத்தான். முன்பல் இரண்டு போய்விட்டது. பிறகு கட்டிப் புரண்டோம். பிரித்துவிட்டபோது அவன் காதில் பாதி என் வாயில் இருந்தது, துப்பிவிட்டேன். விசாரித்ததற்கு அவன் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். நானும் வழுக்கி விழுந்தேன். இங்கே எல்லோருக்கும் வழுக்கும்.

ராமர் அண்ணன் என் ரத்தத்தைத் துடைத்துவிட்டார். "தம்பி, சண்டை நல்லா போட்ட. சாவுதான் நீளம்" என்றார்.

அவரை விடுங்கள். அவர் படித்தவர் இல்லை. நீங்கள் சொல்லுங்கள்.

டோமினிக்


ஸ்ரீரங்கம்
29 மே 2025

ஸ்ரீ:

அன்புள்ள டோமினிக்,

வீடு திரும்பிவிட்டேன். கம்பியை அடுத்த வாரம் எடுக்கிறார்கள்.

காது இழந்தவர் ஏதேனும் கட்டுரை எழுதியிருந்தாரா என்று தயவுசெய்து விசாரித்துச் சொல்லவும். இல்லையென்றால் கோட்பாட்டில் சிறு திருத்தம் தேவைப்படலாம்.

தாங்கள் கேட்ட ஒரு வரியை எழுத மூன்று முறை பேனாவை எடுத்தேன். முடியவில்லை. அடியேனின் தாடையை உடைக்கலாம், மனசாட்சியை அல்ல. ஈட்டி பாய்ந்த பிறகு தாங்கள் மேடையை இரண்டு முறை சுற்றி வந்தீர்கள். பிரதட்சிணம் கோயிலுக்குத்தான். விழும்போது ஒரு கண்ணைத் திறந்து சபையைப் பார்த்தீர்கள். அது மரணம் அல்ல, விளம்பரம்.

வாக்குமூலத்தை எதிர்பார்க்கிறேன்.

அடியேன்,
அழகியமணவாளன்


ஜெயில், திருச்சி
4 ஜூன் 2025

சார்,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். ராமர் அண்ணன் பொறுக்கி ஒட்டிக் கொடுத்தார். மறுபடி படித்து மறுபடி கிழித்தேன்.

ஒரு கண்ணைத் திறந்தது சபையைப் பார்க்க இல்லை. உங்களைப் பார்க்க.

நேற்று லின்சி மனு போட்டுப் பார்க்க வந்தாள். உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். உங்களைத் திட்டுவாள் என்று நினைத்தேன். என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"அவரு ஆஸ்பத்திரியில, நீங்க ஜெயிலுல. அவருக்குக் கட்டுரை, உங்களுக்குச் சாவு. நடுவுல நான் ஒருத்தி பஸ் ஏறி இறங்கிட்டு கெடக்கறேன். ரெண்டு பேரையும் ஒரே வயித்துல போட்டிருக்கலாம்."

"பொய் சொல்லச் சொல்றாருடி."

"மேடையில தம்பி கழுத்தையே அறுக்கறீங்க. ஒரு பொய் சொல்ல வராதா? பட்டறையில இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் பார்ப்பாங்களாம். அப்புறம் உங்க லேத்துல வேற ஆளு நிப்பான். உங்க சாவு நல்லாருந்துச்சுன்னு நான் சொல்றேன், போதுமா?"

போதாது என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. எழுந்து போய்விட்டாள்.

வக்கீல் வேண்டாம் என்கிறார். அவருக்கென்ன, சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர். உங்கள் இரண்டு வாக்கியத்தையும் நீங்கள் எழுதினபடியே எழுதி, கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ழ வருகிற இடம் ஒன்றுகூட அதில் இல்லை, பார்த்தேன்.

கோர்ட்டில் சம்மதம் சொல்லிவிடுங்கள்.

டோமினிக்


ஸ்ரீரங்கம்
28 ஜூன் 2025

ஸ்ரீ:

அன்புள்ள டோமினிக்,

தங்களை வேனில் ஏற்றிப் போனதும் அடியேன் தீர்ப்பின் நகலுக்கு மனுப் போட்டேன். ஓராண்டு என்று சொன்னது தங்கள் காதில் விழுந்திருக்கும். காரணம் விழுந்திருக்காது. நீதிபதி அம்மையார் மெல்லிய குரலில் படித்தார், மின்விசிறி பெரிய குரலில் சுற்றியது. தீர்ப்பின் நகல் இன்று கைக்கு வந்தது.

முதலில் ஒரு குறை. அடியேனைக் கூண்டில் ஏற்றிப் பெயர் கேட்டார்கள். சொன்னேன். தட்டச்சு செய்தவர் 'அளகியமணவாளன்' என்று அடித்துக் காட்டினார். இல்லையம்மா என்று மறுபடி சொன்னேன். மறுபடி அதையே அடித்தார். அவர் மீது பிழையில்லை. கம்பியை எடுத்த பிறகு அடியேனின் நாக்கு அந்த இடத்துக்குப் போவதில்லை. ஸ்ரீரங்கத்துப் பெருமாளின் பெயர் அது. ஐந்தாவது தடவை எழுதிக் காட்டினேன். அப்போது கைதிகள் நின்ற பக்கத்திலிருந்து ஒருவர் சிரித்தார். யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இனி தீர்ப்பு. சமாதானத்துக்கு அடியேன் முழுச் சம்மதம் சொன்னேன், தாங்களே கேட்டீர்கள். அம்மையார் தங்கள் வாக்குமூலத்தை எடுத்தார். "நாடகம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே படிச்சிருக்காரு. நாடகம் முடியற வரைக்கும் மனசுல வெச்சிருந்து, இரும்புக் குழாயோட இறங்கி வந்திருக்காரு. இதுக்கு எப்படிங்க சமாதானம் அனுமதிக்கிறது?" என்றார். தங்கள் வக்கீல் எழுந்து, கட்டுரை தூண்டிய கோபம், அதனால் தண்டனையைக் குறைக்க வேண்டும் என்றார். அதற்குத்தான் இந்தப் பத்தி. அப்படியே எழுதுகிறேன்:

'மேற்படி கட்டுரையை இந்நீதிமன்றம் முழுமையாக இரண்டு முறை வாசித்தது. சாதாரண மனநிலை கொண்ட எந்த வாசகருக்கும் அதில் கோபம் உண்டாக்கக்கூடிய பகுதி எதுவும் காணப்படவில்லை. கோபம் மட்டுமன்றி வேறு எந்த உணர்ச்சியும் உண்டாக்கக்கூடிய பகுதியும் காணப்படவில்லை. ஆகவே தூண்டுதல் என்னும் வாதம் நிராகரிக்கப்படுகிறது.'

வேறு எந்த உணர்ச்சியும்!

இது அரசாங்க முத்திரையோடு இருக்கிறது. நூறு வருஷம் கழித்தும் ஒருவர் ஆவணக் காப்பகத்தில் எடுத்துப் பார்க்கலாம். இன்று ரசம்கூட வேண்டாம் என்றுவிட்டேன்.

மேல்முறையீடு செய்தே தீர வேண்டும். தண்டனையைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம், அது ஓடிவிடும். அந்தப் பத்தியை நீக்க வேண்டும். அதற்குத் தங்கள் உதவி தேவை. கட்டுரையின் பிரதியை இணைத்திருக்கிறேன். இம்முறை உண்மையாகவே வாசித்து, எந்தெந்த வரிகளில் தங்களுக்கு இரத்தம் கொதித்தது என்று பென்சிலால் கோடிட்டு அனுப்பவும். அழுத்தமாகக் கோடிடவும்.

அடியேன்,
அழகியமணவாளன்


ஜெயில், திருச்சி
9 ஜூலை 2025

சார்,

பட்டறையில் என் கணக்கை முடித்து லின்சியிடம் கொடுத்துவிட்டார்கள். லேத்தில் புது ஆள் நிற்கிறான். லின்சி இரண்டு வாரமாக வரவில்லை, அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. 'ழ' என்ற உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருப்பேன் என்று வக்கீல் சொல்கிறார். சொல்லிவிட்டு, இனிமேல் இந்த கேஸில் வர மாட்டேன் என்றும் சொன்னார்.

இங்கே கடிதங்களைப் படித்துப் பார்த்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள். அதனால் எல்லாவற்றையும் மரியாதையாகவே எழுதுகிறேன்.

உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு தடவை நானாக. ஒரு தடவை ராமர் அண்ணனுக்கு உரக்க. அப்புறம் ஒரு தடவை, விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து.

புரியாது என்று நினைத்தேன். புரிந்தது. தாயின் இன்னொரு மார்பில் இருந்த தம்பி, அந்த இடம் நன்றாக இருக்கிறது. கடைசி நகலை அழிக்கிறான் என்ற இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடம் அந்த ஈட்டியை ஏன் நானே பிடித்து இழுத்துக்கொள்கிறேன் என்று தெரியாமலே இழுத்திருக்கிறேன். மாஜிஸ்திரேட் அம்மாவுக்கு எந்த உணர்ச்சியும் வரவில்லை என்றால் அது அவர் குறை. ராமர் அண்ணன்கூட, "அப்ப நான் வெட்டுனது பங்காளிய இல்லியா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மூன்றாவது தடவை விரல் வைத்துப் படித்தது எதற்கென்றால், என் பெயரைத் தேடினேன்.

திலகவர்மனுக்கு இருபது வருடமாக உடம்பு கொடுக்கிறவன் நான். அவன் கை என் கை. அவன் விழுந்தால் அடிபடுவது என் முட்டி. கட்டுரை முழுக்கத் திலகவர்மன் இருக்கிறான், அவன் தம்பி இருக்கிறான், ஓவியன் இருக்கிறான், வரிக்கு வரி அடியேன் இருக்கிறார். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கிறீர்கள். அச்சகத்துக்கு, அற்புதசாமிக்கு, உங்கள் கண் டாக்டருக்கு. நாற்காலி வாடகைக்கு விட்டவர் பெயர்கூட இருக்கிறது. நடித்தவன் பெயர் இல்லை. 'மேடையில் இப்பாத்திரத்தை ஏற்கும் நடிகர்' என்று ஒரே ஒரு இடத்தில் வருகிறது. எந்த நடிகர் என்று இல்லை. யாராக இருந்தாலும் சரி என்பது போல.

அந்த வரியின் மேல் பென்சில் வைத்தேன். நீங்கள் சொன்னபடி அழுத்தமாக. தாள் கிழிந்து, கீழே இருந்த தாளும் கிழிந்து, பென்சில் முனை என் தொடையில் இறங்கிவிட்டது. பிரதியைத் திருப்பி அனுப்புகிறேன். ரத்தம் இருக்கும், துடைக்கவில்லை.

மேல்முறையீடு வேண்டாம் சார். அதெல்லாம் செலவு. உங்கள் கட்டுரைக்கு ஒருவனைக் கோபப்படுத்தும் சக்தி உண்டு என்பதற்கு நானே போதும். நன்னடத்தை பார்த்தால் கொஞ்சம் முன்னாடியே விடுவார்களாம். அதற்காக இங்கே யாரிடமும் வாய் கொடுப்பதில்லை, யார் எது சொன்னாலும் சிரித்துவிட்டுப் போகிறேன். கையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நேராக உத்திர வீதிக்குத்தான் வருகிறேன். வாசகர் கருத்தை நேரில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

உங்கள் வாசகன்,
டோமினிக்